தாய்வீட்டு நாய்

பிள்ளை பிறந்த வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. பேபி சோப்பு, குட்டிக் கொசுவலை, அதோடு ஒரு யோசனை. வாசலில் நாய் படுத்திருந்தால் யோசனை நாயைப் பற்றியதாகத்தான் இருக்கும். அந்தமானில் டெய்ரி ஃபார்ம் என்கிற எங்கள் பகுதியில் அது இரண்டே வகை. முதல் வகை: "பச்சப்புள்ள இருக்கிற வீட்ல இதெல்லாம் எதுக்கு தம்பி? எங்கயாவது கொண்டுபோய் விட்டுட்டு வாங்க." இரண்டாவது வகை: "நம்ம மணியா? தங்கமாச்சே! புள்ளைய அதுவே பாத்துக்கும்."

முன்னவர் பயந்தவர், பின்னவர் பாசக்காரர். இரண்டு பேரும் பேசுவது என்னவோ நாயின் குணத்தைப் பற்றித்தான். குழந்தையை எங்கே படுக்க வைக்கப் போகிறீர்கள், ராத்திரி நாய் எங்கே தூங்கும், அம்மா குளிக்கப் போனால் யார் பக்கத்தில் இருப்பார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

முதல் வகைக்கு ஒரு பதில் சட்டத்திலேயே இருக்கிறது. பட்டினி கிடக்கும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். தீவில் இன்னொரு பதிலும் உண்டு. இங்கே "எங்கயாவது" என்றால் கடற்கரைதான். அப்படி விடப்பட்ட நாய்கள் ஆமைக்கூடுகளைத் தோண்டி முட்டை தின்பது அந்தமானில் பழைய தலைவலி. நம் வீட்டுத் தொல்லையைக் கடலாமையின் தலையில் கட்ட வேண்டாமே.

இரண்டாவது வகைக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம். அதற்குப் பின்னால் ஒரு பெரிய கதையே இருக்கிறது.

கீரிப்பிள்ளைக் கதை எல்லோருக்கும் தெரியும். தாய் வெளியே போகிறாள், தொட்டிலில் பிள்ளை, காவலுக்கு வீட்டில் வளர்த்த கீரி. பாம்பு வருகிறது, கீரி கொல்கிறது. வாயில் ரத்தத்தோடு வாசலுக்கு ஓடி வந்த கீரியைப் பார்த்து, பிள்ளையைக் கடித்துவிட்டது என்று நினைத்துத் தாய் அதை அடித்துக் கொன்றுவிடுகிறாள். பஞ்சதந்திரத்தில் இருக்கிறது. சிலப்பதிகாரத்திலும் இருக்கிறது. அடைக்கலக் காதையில் மாடலன் கோவலனின் நல்ல செயல்களைச் சொல்லிக்கொண்டு வரும்போது, கீரியைக் கொன்ற பாவத்துக்காகக் கணவன் கைவிட்டுப் போன பார்ப்பனப் பெண்ணுக்குக் கோவலன் பொருள் கொடுத்து, அவளைக் கணவனோடு சேர்த்து வைத்ததைச் சொல்கிறான். இதே கதை வேல்ஸ் நாட்டில் நாயாக மாறியிருக்கிறது. லெவெலின் என்ற இளவரசன், கெலெர்ட் என்ற வேட்டைநாய், பாம்புக்குப் பதில் ஓநாய். பெத்கெலெர்ட் என்ற ஊரில் அந்த நாய்க்குக் கல்லறைகூட உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் உள்ளூர் விடுதிக்காரர் ஒருவர் வியாபாரம் பெருக ஏற்பாடு செய்த கல்லறை அது என்கிறார்கள். அது வேறு கதை.

எந்த நாட்டில் சொன்னாலும் இந்தக் கதைக்கு ஒரே பாடம்தான்: ஆத்திரப்பட்டு அவசரப்படாதே. பள்ளிக்கூடத்தில் எனக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளையையும் விலங்கையும் ஒரே அறையில் விட்டுவிட்டு எல்லோரும் எப்படி வெளியே போனீர்கள் என்று அந்த வீட்டாரை இத்தனை நூற்றாண்டில் ஒரு வாத்தியாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கீரி நல்லது, சரி. தாய் திரும்பி வந்து பார்த்தபோது உள்ளே என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் அங்கே இல்லை என்பதால்தான் கீரியும் செத்தது. எனக்கு இது ஆத்திரத்தின் கதையாகத் தெரியவில்லை, ஆள் இல்லாத வீட்டின் கதையாகத்தான் தெரிகிறது.

என் தங்கச்சி கல்யாணமாகிப் போனது பேம்பூஃப்ளாட்டுக்கு. சாத்தம் ஜெட்டியில் ஃபெர்ரி ஏறினால் எதிர்க்கரை. வளைகாப்பு முடிந்து அம்மா அவளை அழைத்து வந்துவிட்டார். குழந்தை வளர்ப்புப் புத்தகங்களும் யூடியூப் வீடியோக்களும் நாய் விஷயத்தில் நம்மை அம்போ என்று விடுவது இந்த இடத்தில்தான். அவை பேசுவது ஒரு கணவன், ஒரு மனைவி, அவர்களோடு அதே வீட்டில் இருக்கும் நாய் பற்றி. நம் ஊரில் குழந்தை பிறந்து முதல் சில மாதம் இருக்கப்போவது தாய்வீட்டில். அங்கே இருப்பது தாத்தா பாட்டியின் நாய். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டுக்கு வந்த நாயாக இருந்தால் அவளே அதற்கு விருந்தாளி. அவளோடு வருகிறது ஒரு சின்ன மூட்டை. அது கத்துகிறது, பால் வாசம் அடிக்கிறது, எல்லோரும் அதையே சுற்றி நிற்கிறார்கள். நேற்றுவரை சமையல்கட்டு வாசலில் படுத்திருந்த நாயை இன்று எல்லோரும் "போ, போ" என்று துரத்துகிறார்கள். நாயின் கணக்கில் அந்த மூட்டை வந்த நாள்தான் தன் கெட்ட காலம் தொடங்கிய நாள்.

எனவே, மாற்றம் எதுவாக இருந்தாலும் குழந்தை வருவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்க வேண்டும். மணி ராத்திரி உள்ளே படுப்பான். குழந்தை வந்த பிறகு வராண்டாவில்தான் படுக்க வேண்டும் என்றால், தங்கச்சி ஏழாம் மாதத்தில் வந்தபோதே அவன் படுக்கை வராண்டாவுக்குப் போய்விட வேண்டும். அப்போதுதான் அவன் அந்த இடமாற்றத்தைக் குழந்தையோடு முடிச்சுப் போடமாட்டான். சாப்பாட்டு நேரம், நடக்கக் கூட்டிப்போகும் ஆள், எல்லாவற்றுக்கும் இதே விதிதான். அப்பா காலை மாலை கூட்டிப்போவதை நான் எடுத்துக்கொண்டேன், பிள்ளை பிறந்தால் தாத்தாவுக்கு நேரம் இருக்காது என்று தெரிந்துதான். போனில் குழந்தை அழும் சத்தத்தை முதலில் மெதுவாகவும் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியும் வைத்து, அது கேட்கும்போதெல்லாம் நல்ல தீனி போடுவது இன்னொரு வழி. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அப்பாலிருந்து, "யார் வீட்ல புள்ள பொறந்திருக்கு?" என்று கேட்டதுதான் மிச்சம்.

ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தை வருவதற்கு முன்னால் அது போர்த்தியிருந்த துணியைக் கொண்டுவந்து நாய்க்குக் காட்டும் வழக்கத்தைப் பலர் சொல்கிறார்கள். செய்யலாம். ஆனால் அந்தத் துணியை மூக்கில் திணிக்கக் கூடாது, தூரத்தில் வைத்து அதுவாக வந்து மோந்து பார்க்க விட வேண்டும். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது வீடு வரும் நாளின் ஏற்பாடு. ஆரத்தி, சத்தம், சொந்தக்காரர்கள் கூட்டம் எல்லாம் ஓயும்வரை நாய் வெளியே யாரோடாவது நடந்துகொண்டிருக்கட்டும். பிறகு வந்து, குழந்தை இல்லாத கையோடு இருக்கும் தாயை முதலில் பார்க்கட்டும். குழந்தையைக் காட்ட வேண்டிய அவசரம் அன்று ஒன்றும் இல்லை. மணி முதல் வாரம் பாப்பாவைப் பார்த்ததெல்லாம் கயிற்றோடு, அறையின் மறுகோடியிலிருந்துதான்.

இப்போது கதவு விஷயம். சென்னையில் என்றால் கடையில் பேபி கேட் வாங்கிவிடலாம். இங்கே ஆன்லைனில் போட்டால் கப்பல் வருவதற்குள் பாப்பா பள்ளிக்கூடம் போய்விடும். எங்கள் தெரு ஆசாரியிடம் சொன்னேன். அவர் நிலைக்கு நிலை அளவெடுத்து, கடையில் கிடந்த படாக் மரத் துண்டுகளை இழைத்து, இடுப்பு உயரத்துக்கு ஒரு சட்டக் கதவு செய்து கொடுத்தார். குறுக்குச் சட்டம் வேண்டாம், பாப்பா எழுந்து நிற்கும் வயதில் அதைப் படியாக வைத்து ஏறும் என்றார். நெடுக்குச் சட்டங்களுக்கு நடுவே என் மூன்று விரல் போகும் இடைவெளி விட்டுவிட்டு, "நாய் மூக்கு நுழையக் கூடாது, புள்ள தலையும் நுழையக் கூடாது, காத்து வரணும்" என்று அவரே விளக்கமும் சொன்னார். தாழ்ப்பாளை வெளிப்பக்கம் மேலே வைத்தார். அந்தக் கதவு வந்த பிறகுதான் வீட்டில் "மணியை வெளிய போடு" என்ற கத்தல் நின்றது. நாய் ஒரு பக்கம், குழந்தை ஒரு பக்கம், ஒன்றையொன்று பார்க்கலாம், தொட முடியாது. பூட்டிய கதவுக்குப் பின்னால் குழந்தை அழுதால் நாய்க்குப் பதற்றம் கூடும். சட்டக் கதவில் அந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது தூளி. இதைப் பற்றி நான் பார்த்த எந்த வெளிநாட்டுப் புத்தகத்திலும் ஒரு வரி கிடையாது. புடவைத் தூளியை உத்தரத்தில் கட்டினால் அதன் வயிறு தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு வந்து தொங்கும். நாயின் முகத்துக்கு நேரே. அது ஆடுகிறது. உள்ளே என்னவோ நெளிகிறது, கீச்சென்று ஒரு சத்தம் வருகிறது, துணிக்கு வெளியே ஒரு குட்டிக் கால் எட்டிப் பார்த்துவிட்டு மறைகிறது. அசைகிற, கீச்சிடுகிற சின்னப் பொருளைத் துரத்திப் பிடிக்கும் குணம் நாயின் ரத்தத்தில் இருப்பது. அதற்குக் கோபமோ பொறாமையோ தேவையே இல்லை. துணியை விளையாட்டாகப் பிடித்து இழுத்தாலே போதும். தூளியை ஆட்டிவிட்டு, பிள்ளை தூங்கிவிட்டது என்று அடுப்படிக்குப் போவதுதான் நம் வீடுகளின் வழக்கம். தூளி கட்டிய அறைக்கு நாய் வரவே கூடாது, ஆள் இருந்தாலும். இந்த ஒன்றில் எங்கள் வீட்டில் பேச்சுவார்த்தையே கிடையாது. பாயில் குழந்தையைப் போடும்போதும் கிட்டத்தட்ட இதேதான். 2022 அக்டோபரில் நொய்டாவில் ஓர் அடுக்குமாடி வளாகத்தில் கட்டட வேலை செய்த தம்பதியின் ஏழு மாதக் குழந்தை தெருநாய் கடித்து இறந்தது. பெற்றவர்கள் அதே வளாகத்தில்தான் வேலையில் இருந்தார்கள். வளாகத்தில் இருப்பதும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதும் ஒன்றாகாது.

அம்மாவோடு நடந்த வாக்குவாதத்தைச் சொல்லியாக வேண்டும். "டேய், நீ இவ்வளவு சட்டம் போடுற. ஒன்னை வளர்க்கும்போது வீட்ல நாய் இல்லையா? நீ அது மேலதான்டா படுத்துக் கெடந்த."

"அம்மா, அப்ப வீட்ல எத்தனை பேர் இருந்தாங்க?"

அம்மா விரல் விட்டு எண்ணினார். ஆச்சி, சித்தப்பா, ரெண்டு அத்தை, அப்பா. எண்ணி முடித்துவிட்டு, "யாராவது ஒருத்தர் கண்ணு இருந்துக்கிட்டே இருக்கும்" என்றார். இப்போது அப்பா கடைக்குப் போய், நானும் வெளியே போனால் வீட்டில் அம்மாவும் தங்கச்சியும் மட்டும்தான். அந்தக் காலத்து நாய் நல்ல நாய் என்பதைவிட, அந்தக் காலத்து வீட்டில் ஆள் நிறைய இருந்தது என்பதுதான் உண்மை. படாக் கதவு எங்கள் சித்தப்பாவுக்குப் பதிலாக வந்தது.

கண் இருந்தால் மட்டும் போதாது, அந்தக் கண்ணுக்கு எதைப் பார்ப்பது என்றும் தெரிந்திருக்க வேண்டும். "திடீர்னு கடிச்சிருச்சு" என்று எல்லோரும் சொல்கிறார்கள். பெரும்பாலும் அது திடீர் இல்லை. நார்வேயைச் சேர்ந்த நாய்ப் பயிற்சியாளர் துரித் ருகாஸ், நாய்கள் தங்கள் சங்கடத்தைக் காட்டும் சின்னச் சின்ன சைகைகளைப் பல ஆண்டு கவனித்து எழுதினார். பிரிட்டனின் கால்நடை மருத்துவர் கெண்டல் ஷெப்பர்ட் அவற்றை ஓர் ஏணிப் படமாக வரைந்தார். கீழ்ப்படியில் கொட்டாவி, கண் சிமிட்டல், மூக்கை நக்கிக்கொள்ளுதல். பிறகு முகத்தைத் திருப்புதல், உடம்பைத் திருப்புதல், எழுந்து நகர்ந்து போதல், பம்முதல், வாலைக் காலுக்கு நடுவே சொருகுதல். அதற்கும் மேலே விறைத்து நின்று முறைத்தல், உறுமல், காற்றில் கடித்தல். உச்சிப் படிதான் கடி. கீழே உள்ள படிகளை நாம் கவனிக்காமல் விட்டால் நாய் மேலே ஏறுகிறது. கீழ்ப்படிகளால் பலன் இல்லை என்று பழகிய நாய் அவற்றைத் தாண்டிக் குதிக்கவும் செய்யும்.

மணியிடம் நான் பார்த்தது இது. பாப்பா குப்புற விழப் பழகிய சமயம். பாயில் கிடந்தபடி கையை நீட்டி நீட்டி "ஆ, ஆ" என்று அவனைக் கூப்பிடும். கதவுக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த மணி வாய் திறந்து மூச்சிரைத்துக்கொண்டிருந்தவன் சட்டென்று வாயை மூடினான். நாக்கு ஒருமுறை மூக்கைத் தொட்டுவிட்டு உள்ளே போனது. தலையைத் திருப்பிக்கொண்டான். ஆனால் கண் மட்டும் பாப்பா மேலேயே இருந்தது, அதனால் கண்ணின் ஓரத்தில் வெள்ளை பிறைபோலத் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை, "பாருங்க மச்சான், எவ்வளவு சாதுவா இருக்கான்" என்று போனை எடுத்துப் படம் பிடிக்கப் போனார். அது சாது இல்லை, எனக்கு இது பிடிக்கவில்லை என்று மணி சொல்லக்கூடிய அத்தனை மரியாதையோடும் சொன்னது. வாட்ஸ்அப்பில் வரும் "குழந்தையும் நாயும்" வீடியோக்களைக் கொஞ்சம் நிறுத்தி நாயின் முகத்தை மட்டும் பாருங்கள். பாதிக்கு மேல் இந்த முகம்தான்.

உறுமலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாய் குழந்தையைப் பார்த்து உறுமினால் நம் கை முதலில் செருப்பைத் தேடும். அடி வாங்கிய நாய் கற்றுக்கொள்வது குழந்தையை நேசிக்க அல்ல, உறுமாமல் இருக்க. அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் நேரே கடிக்கக்கூடும். உறுமினால் குழந்தையைத் தூக்குங்கள், நாயை நகர்த்துங்கள், எதனால் உறுமியது என்று யோசியுங்கள். காது வலியோ, இடுப்பு வலியோ இருக்கலாம். வயதான நாய்களில் இது சகஜம். கால்நடை மருத்துவரிடம் காட்டாமல் குணத்தைக் குறை சொல்லக் கூடாது.

குணம் என்றதும் ஜாதிப் பேச்சு வந்துவிடும். 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர்கள் கடித்துக் குதறியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் மத்திய அரசு ராட்வைலர் உள்பட 23 இனங்களை வளர்க்க அனுமதிக்க வேண்டாம் என்று மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தது, அது நீதிமன்றங்களுக்கும் போனது. பெரிய தாடை பெரிய காயம் செய்யும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் கைக்குழந்தையின் தலை அளவுக்கு எந்த நாயின் தாடையும் பெரிய தாடைதான். எங்கள் மணி நாட்டு நாய், ஜாதி கேட்டால் டெய்ரி ஃபார்ம் ஜாதி என்று சொல்லிக்கொள்ளலாம். வீட்டுக்குள் சின்னக் குழந்தைகளைக் கடிப்பது பெரும்பாலும் தெரிந்த நாய், பெரும்பாலும் முகத்தில், கழுத்தில். குழந்தையின் முகம்தானே நாயின் முகத்துக்கு நேரே இருக்கிறது.

தீவில் கடியைவிட ஓசையில்லாத ஆபத்தும் உண்டு. மே மாதம் தொடங்கும் மழை டிசம்பர்வரை விட்டுவிட்டுப் பெய்யும். முற்றம் காய்வதே இல்லை. எண்பதுகளின் கடைசியிலிருந்து இங்கே மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்து, நுரையீரலில் ரத்தம் கசிந்து ஆட்கள் இறந்தார்கள். அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல் என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். 1993இல்தான், போர்ட் பிளேரில் உள்ள ஐசிஎம்ஆர் ஆராய்ச்சி மையத்தின் வேலையால், அது லெப்டோஸ்பைரோசிஸ், அதாவது எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. (2024 செப்டம்பரிலிருந்து ஊர்ப் பெயர் ஸ்ரீ விஜயபுரம். வாய் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறது.) எலிக்காய்ச்சல் என்று பெயர் இருந்தாலும் எலி மட்டும் பரப்புவதில்லை. மாடு, பன்றி, நாய் எல்லாவற்றின் சிறுநீரிலும் அந்தக் கிருமி வரும், ஈர மண்ணில் தங்கும். நாய்க்குப் போடும் கூட்டுத் தடுப்பூசிகளில் லெப்டோ சேர்ந்ததும் உண்டு, சேராததும் உண்டு. இந்த ஊரில் அது இருக்கிறதா என்று கேட்டுப் போடுங்கள்.

புழு இன்னொன்று. நாயின் கொக்கிப்புழுவின் குட்டிகள் ஈர மணலில் காத்திருந்து, வெறும் தோலில் புகுந்து, சிவப்புக் கோடாக வளைந்து வளைந்து ஊரும். கடற்கரையில் விளையாடிய பிள்ளைகளின் காலில் பார்த்திருப்பீர்கள். உருண்டைப்புழுவின் முட்டையோ மலத்தோடு விழுந்த அன்றே தொற்றாது. மண்ணில் கிடந்து இரண்டு மூன்று வாரம் பழுத்த பிறகுதான் தொற்றும். மண்ணைத் தின்னும் வயதுக் குழந்தையின் வயிற்றுக்குப் போனால் கண் பார்வையைக்கூடப் பாதிக்கலாம். இதனால்தான் முற்றத்தில் நாய் போனதை அன்றன்றே அள்ளிவிட வேண்டும். அள்ளிவிட்டால் முட்டை பழுப்பதற்கு மண்ணே கிடையாது. குடற்புழு மருந்து நாய்க்குக் காலம் தவறாமல் கொடுக்க வேண்டும். மணியின் மருந்துச் சீட்டும் பாப்பாவின் தடுப்பூசி அட்டையும் எங்கள் வீட்டில் ஒரே ஆணியில் தொங்குகின்றன.

ரேபீஸுக்கு, அதாவது வெறிநோய்க்கு, வருவோம். இதில் அந்தமான்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். இந்தியாவில் மனிதருக்கு வெறிநோய் பதிவாகாத இடங்கள் என்று அரசு மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்வது அந்தமான் நிக்கோபாரையும் லட்சத்தீவையும்தான். லட்சத்தீவில் நாயே கிடையாது. அந்தமானில் நாய்க்குப் பஞ்சமே இல்லை, ஆனாலும் நாயே இங்கே புதிதாக வந்ததுதான். 1858இல் ஆங்கிலேயர் கைதிக் குடியிருப்பு அமைத்த பிறகே நாய் இந்தத் தீவுகளுக்கு வந்தது. ஆதிகுடிகள் பார்த்த மாத்திரத்தில் அதைப் பன்றி வேட்டைக்குப் பழக்கிக்கொண்டார்கள். கடல் நம்மைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அதனால் என்ன ஆகிறது? இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெருநாய் என்றால் பயமே இல்லை. கோடை லீவில் கப்பல் ஏறி, மூன்று நாள் கடலில் மிதந்து சென்னையில் இறங்கி, ராமநாதபுரத்துப் பக்கம் சொந்த ஊருக்குப் போகும்போது அங்கே தெருமுனையில் படுத்திருக்கும் நாயைப் பார்த்து "மணி!" என்று ஓடுகின்றன. மெயின்லேண்டில் கணக்கு வேறு. இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 91 லட்சம் பேரை விலங்குகள் கடிக்கின்றன, சுமார் 5,700 பேர் வெறிநோயால் சாகிறார்கள் என்று ஐசிஎம்ஆரின் அண்மை ஆய்வு மதிப்பிட்டது. பழைய மதிப்பீடுகள் இதைவிட மூன்று மடங்கு அதிகம். கடிபடுபவர்களில் பிள்ளைகள் நிறைய. சின்னப் பிள்ளைகள் கீறலை வீட்டில் சொல்வதும் இல்லை. கப்பல் ஏறுவதற்கு முன்னால் பெட்டி கட்டுவதோடு சேர்த்து, தெரியாத நாயைத் தொடக் கூடாது, நாய் கிட்டே வந்தால் ஓடாமல் கையைக் கட்டிக்கொண்டு மரம் மாதிரி நிற்க வேண்டும், கீறினாலும் உடனே சொல்ல வேண்டும் என்பதைப் பழக்கிவிடுங்கள்.

கடித்துவிட்டால், எந்த ஊராக இருந்தாலும், சொந்த நாயாகவே இருந்தாலும், முதல் வேலை குழாயடிதான். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில், முழுசாகப் பதினைந்து நிமிடம். குழந்தை கத்தும், பரவாயில்லை. மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள், மிளகாய்ப்பொடி ஒன்றும் வைக்கக் கூடாது. இறுக்கிக் கட்டவும் கூடாது. பிறகு நேரே ஆஸ்பத்திரி. தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் தேவைப்படும். தசையில் போடும் ஊசி என்றால் முதல் ஊசி போடும் நாள், அதன் பிறகு மூன்றாம் நாள், ஏழு, பதினான்கு, இருபத்தெட்டு என்று ஐந்து தவணை. நாயைப் பத்து நாள் கட்டி வைத்துக் கவனிப்பது ஊசிக்குப் பதிலாக அல்ல, ஊசியோடு சேர்த்து. "இது அந்தமான், இங்க ரேபீஸ் இல்ல" என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிட்டு உட்கார்ந்துகொள்ளாதீர்கள். அந்த முடிவு மருத்துவருடையது. நம் நாய்க்கு வருடாவருடம் ஊசி போட்டிருந்தால் மருத்துவர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல எளிது.

பிறந்த குழந்தைக்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். எனக்கென்னவோ தவழும் வயதுதான் பயம். அதுவரை நாய் குழந்தையைத் தேடி வர வேண்டும், இப்போது குழந்தை நாயைத் தேடிப் போகிறது. தூங்கும் நாயின் மேல் கையூன்றி எழுந்து நிற்கும். காதைப் பிடித்து இழுக்கும். சோற்றுத் தட்டில் கைவிடும். நாய் ஓடி ஒளிய ஓர் இடம், அங்கே குழந்தை எட்டவே முடியாத இடம், கட்டாயம் வேண்டும். எங்கள் வீட்டில் வராண்டா மூலையில் பழைய பெஞ்சுக்குக் கீழே மணியின் சாக்கு கிடக்கிறது. அவன் அங்கே போய்விட்டால் யாரும், அப்பாகூட, அவனைக் கூப்பிடக் கூடாது. சங்கிலியில் கட்டிப்போட்டுக் குழந்தையைப் பக்கத்தில் விளையாட விடுவது ரொம்ப மோசம். நகர்ந்து போக வழியில்லாத நாய்க்கு ஏணியில் மேல்படிகள் மட்டும்தான் மிச்சம்.

அதோடு சோறு ஊட்டல். நம் தாய்மார்களின் மாபெரும் கலை இது. இடுப்பில் பிள்ளை, கையில் கிண்ணம், வாசலில் காக்கா பார், நிலா பார், மணி பார். "உனக்கு ஒரு வாய், மணிக்கு ஒரு வாய்." பருப்புச் சோறும் நெய்யும் மணக்கும் கையோடு பிள்ளை, கீழே விழும் பருக்கைக்குக் காத்திருக்கும் நாய். கொஞ்ச நாளில் நாய்க்குக் குழந்தையின் கையே தட்டு. பிஸ்கட்டைப் பிடுங்கும்போது விரலும் சேர்ந்து வரும், அதில் வன்மம் ஒன்றும் இல்லை. இதைச் சொல்லி அம்மாவிடம் ஜெயிக்க முடியவில்லை. கடைசியில் ஓர் உடன்பாடு: பாப்பா சாப்பிடும்போது மணி கதவுக்கு அந்தப் பக்கம், அவன் தட்டும் அதே நேரத்தில் நிரம்பும். காக்காவும் நிலாவும் வழக்கம்போல வேலை பார்க்கட்டும்.

எப்போது இரண்டையும் தனியே விடலாம் என்று மாப்பிள்ளை கேட்டார். பாப்பா பள்ளிக்கூடத்தில் நாலைந்து வகுப்பு தாண்டட்டும் என்றேன். சிரித்தார். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

அடுத்த மாதம் தங்கச்சி புகுந்த வீட்டுக்குத் திரும்புகிறாள். அங்கே அவள் மாமியார் வளர்க்கும் இரண்டு நாய்கள் இருக்கின்றன, ஒன்று குட்டி. படாக் கதவைக் கழற்றி ஃபெர்ரியில் ஏற்றி அனுப்பிவிடலாம் என்று அப்பா சொன்னார். ஆனால் அந்த வீட்டு நிலை அகலம் கூடுதல். மாப்பிள்ளையிடம் டேப் வைத்து அளந்து, அதோடு தூளி கட்டும் உத்தரத்தையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஆசாரிக்கு முன்பணம் கொடுத்தாயிற்று.